காற்று வராத நாற்காலி

இந்தக் கதையில் குருவுக்கு நாற்பத்தொரு வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. இருவருக்கும் தாடி இல்லை. ஆசிரமம் எங்கே என்று கேட்டால், திருச்சி பொன்மலைப்பட்டியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் மாடி அறையைத்தான் காட்ட வேண்டும். மில் ஓடும் நேரத்தில் அங்கே பாடம் கிடையாது.

குருவின் பெயர் செண்பகவல்லி. சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பி, இங்கேயே பாடம் சொல்லித் தர உட்கார்ந்துவிட்டார். பேச்சு குறைவு. பாடம் கேட்கும்போது கை மட்டும் சும்மா இருக்காது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பார். அதனால் டீச்சரின் கண் கலங்கினால் அது வாசிப்பைக் கேட்டா, வெங்காயத்தாலா என்று எந்த மாணவருக்கும் தெரியாது.

சீடரின் பெயர் கஸ்பார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். இளம் வயதிலிருந்தே டெனர் சாக்ஸபோன் ஊதுகிறவர். அவ்வளவு காலம் ஊதினவருக்கு இப்போது எதற்குப் பாடம் என்று கேட்டால், முதலில் பெலிக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் பொன்மலை ரயில்வே காலனியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் நடனம்தான். ஹாலின் மரத்தரைக்கு மெழுகு போடும் வாசனை மதியமே தெருவுக்கு வந்துவிடும். வாரம் முழுக்க கிரீஸில் ஊறிய கைகள் அன்று வெள்ளைச் சட்டைக்குள் போய் வேறு யாருடைய கையோ போல நடந்துகொள்ளும். வாசிப்பது 'ஃபோர் பஃபர்ஸ்' என்ற குழு. பெயரில்தான் நான்கு, மேடையில் ஆறு பேர் இருந்தார்கள். யாரும் அதைக் கணக்குக் கேட்கவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் டெனர் வாசித்தார்கள். மேல்குரல் கஸ்பார். அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டே வரும் இரண்டாம் குரல் பெலிக்ஸ், அதே பட்டறையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவன், கஸ்பாரின் சிநேகிதன்.

இரண்டுமே பழைய வாத்தியங்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனவை. கஸ்பாருடையது பாரிஸில் செய்தது. பெலிக்ஸுடையது அமெரிக்காவில்.

"என்னோடது எவர்சில்வர் தட்டு மாதிரி கணகணன்னு இருக்கும். அவனோடது அப்படியே கருப்பட்டிப் பாகு," என்பார் கஸ்பார். சொல்லும்போது முகத்தில் பொறாமையும் பெருமையும் சேர்ந்தே இருக்கும். பெலிக்ஸிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்.

"போடா. உன் சத்தம் எனக்கு வருமா?" என்பான் பெலிக்ஸ். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறான் என்று கஸ்பார் எடுத்துக்கொண்டார்.

மேடையில் கஸ்பாரின் நாற்காலிக்கு இடது கைப்பக்கம் பெலிக்ஸின் நாற்காலி. மேலே ஒரே ஃபேன், அதுவும் கஸ்பாரின் தலைக்கு நேராக. இடது நாற்காலிக்குக் காற்று எட்டவே எட்டாது. இரண்டு பாட்டு முடிவதற்குள் பெலிக்ஸின் சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

"டேய், இந்தப் பக்கம் வாடா. மாறி மாறி உக்காரலாம். காத்து வரும்."

"வேணாம்டா. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

"ஏன்டா?"

"இங்கதான் கட்லெட் வாசம் வருது."

சமையலறைக் கதவு உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் இருந்தது. அதனால் கஸ்பார் நம்பிவிட்டார். ஒருமுறை குழுத் தலைவர் மைக் வசதிக்காகப் பெலிக்ஸைக் கஸ்பாருக்கு வலது பக்கம் போட்டுப் பார்த்தார். அடுத்த பாட்டுக்குள் அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டான். சாப்பாட்டு ராமன் என்று பெயர் வாங்கினதுதான் மிச்சம்.

பெலிக்ஸுக்கு மகள் பிறந்த வாரம் அவன் ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். மெதுவான வால்ட்ஸ். கஸ்பார் அதற்கு மேல்குரல் அமைத்தார். குழந்தைக்கு லிடியா என்று பெயர் வைத்தார்கள், பாட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைசி நடனம் 'லிடியா'தான். வரும்போது சண்டை போட்டுக்கொண்டு வந்த தம்பதிகள்கூட அந்தப் பாட்டுக்கு எழுந்துவிடுவார்கள். எழுந்த பிறகு கோபத்தோடு ஆடுவது கஷ்டம்.

காலனி மெல்லக் காலியானது, நடனமும் நின்றது. கஸ்பாரும் பெலிக்ஸும் நிற்கவில்லை. கல்யாணங்களுக்கு வாசித்தார்கள், மாதா கோயில் திருவிழாவுக்கு வாசித்தார்கள், ஒன்றும் இல்லாத நாளில் பெலிக்ஸ் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு வாசித்தார்கள். அங்கேயும் பெலிக்ஸ் இடது பக்கம்தான். மொட்டை மாடியில் கட்லெட் ஏது என்று கஸ்பாருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பழக்கம் என்று விட்டுவிட்டார்.

போன தவக்காலத்துக்கு முந்தின தவக்காலத்தில் பெலிக்ஸ் இறந்துபோனான்.

அதற்குப் பிறகு கோயிலில் ஒரு பூசையில் கஸ்பாரைக் காணிக்கைப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். தனியாக எழுந்து நின்று வாசித்தார். நாலாவது வரியில் சுருதி இறங்கியது. பிடித்து ஏற்றினார், மறுபடி இறங்கியது. பாதியில் நிறுத்தி வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தவர் வெகுநாள் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்த அன்று நேராக மாவு மில் மாடிக்குத்தான் ஏறினார்.

"டீச்சர், பக்கத்துல அவன் இல்லாம எனக்கு சுருதி நிக்கல. முதல்லேருந்து கத்துக் குடுங்க."

"முதல்லேருந்துன்னா?"

"ஒத்தை சுரத்தை நீட்டிப் பிடிக்கிறதுலேருந்து."

செண்பகவல்லி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பிடிங்க," என்றார்.

கஸ்பார் சீடரானது இப்படித்தான்.

சுருதி கொஞ்சம் கொஞ்சமாக நிற்கத் தொடங்கியிருந்த சமயத்தில் லிடியா வந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கஸ்பார் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அங்கிள், ரிசப்ஷன்ல அப்பா பாட்டுக்குத்தான் நான் முதல் நடனம் ஆடணும். நீங்கதான் வாசிக்கணும். ரெண்டு சத்தமும் வேணும் அங்கிள். ஒரு சத்தம் மட்டும் கேட்டா நான் அங்கேயே அழுதுடுவேன்."

"அதுக்கென்னடா கண்ணு, ஆகட்டும்," என்று சொல்லிவிட்டார். அவள் படி இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. இரண்டாவது சத்தத்துக்கு எங்கே போவது?

பெலிக்ஸின் வாத்தியம் அவன் மகனோடு கனடாவுக்குப் போயிருந்தது. மகனுக்கு வாசிக்க வராது. அதன் வாய்க்குள் ஒரு பல்பைப் பொருத்தி வரவேற்பறையில் விளக்காக நிறுத்தி, அழகாக இருக்கிறது என்று படமும் அனுப்பியிருந்தான். கஸ்பார் அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். நல்ல பையன்தான், திட்டவும் மனம் வரவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னுடைய சத்தத்துக்கு நேர்மாறான சத்தம் உள்ள இன்னொரு பழைய டெனர் வாங்குவது. அதில் பெலிக்ஸின் பகுதியைத் தானே வாசித்துப் பதிவு செய்துகொள்வது. கல்யாணத்தன்று அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கூடவே தன் பகுதியைத் தன் வாத்தியத்தில் வாசிப்பது. திட்டத்தில் குறை எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

பாலக்கரையில் பழைய வாத்தியம் வாங்கி விற்கும் ஷாஜகான் பாய் அவருக்கு நெடுநாள் பழக்கம். "கொண்டு போய் ஊதிப் பாருங்க சார். புடிச்சா வெச்சுக்குங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க," என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கஸ்பார் டீச்சரிடமும் திட்டத்தைச் சொல்லி, அவர் முன்னால் ஊதிப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பாய் எங்கோ விசாரித்து இரண்டு வாத்தியங்களை வரவழைத்தார். ஒன்று ஜெர்மனியில் செய்தது. மற்றது அமெரிக்காவில், பெலிக்ஸுடைய வாத்தியம் செய்த அதே கம்பெனியில், ஏறக்குறைய அதே காலத்தில் செய்தது.

அந்த அமெரிக்க டெனரைக் கஸ்பார் தடவிப் பார்த்தார். மெருகு போய் ஆங்காங்கே பழுத்துக் கிடந்த பித்தளை, விரல் பட்டுத் தேய்ந்த இடது பக்கச் சாவிகள், எல்லாமே பெலிக்ஸ்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊதும் முனையில் தன் மவுத்பீஸை மாட்டி, கண்ணை மூடி ஊதினார்.

கணகணவென்று வந்தது. அவருடைய சொந்தச் சத்தம்தான்.

மவுத்பீஸில் கட்டியிருக்கும் நாணல் ரீட்டை மாற்றினார். வாத்தியத்தின் கழுத்துக் குழாயை முறுக்கிப் பார்த்தார். தொண்டையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து ஊதினார். கருப்பட்டிப் பாகு வரவில்லை. எவர்சில்வர் தட்டுதான் வந்தது.

மறுநாள் தன்னுடையதையும் சேர்த்து மூன்று பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, மாடிப்படியில் ஒவ்வொன்றாகத் தூக்கினார். குருவின் முன்னால் மூன்றையும் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"டீச்சர், நீங்கதான் சொல்லணும். இதுல எதை எடுக்கறது?"

"உங்களுக்கு என்ன சத்தம் வேணும்?"

"பெலிக்ஸ் சத்தம்."

"இது அவர் வாத்தியத்தோட கம்பெனிதானே?"

"அதே கம்பெனிதான் டீச்சர். அதான் எனக்குப் பைத்தியம் புடிக்குது. எதை ஊதினாலும் என் சத்தமே வருது. நான் என்ன தப்புப் பண்றேன்?"

செண்பகவல்லி வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேட்டார்.

"பெலிக்ஸ் சார் எங்க உக்காருவார்?"

"எங்கன்னா? மேடையிலதான்."

"உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். எப்பவும் இடது பக்கம்தான்."

"ஒரு தடவைகூட எதிர்ல நின்னு அவர் வாசிச்சதைக் கேட்டதில்லையா?"

கஸ்பார் யோசித்தார். "ஏன் எதிர்ல நிக்கப் போறேன்? அவன் வாசிச்சா நான் பக்கத்துல இருப்பேன். நான் வாசிச்சா அவன் இருப்பான்."

"பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல விடப் போறீங்க. ஸ்பீக்கரை எங்க வெப்பாங்க?"

"ஜனங்களைப் பார்த்து, மேடைக்கு முன்னாடி."

"ம்," என்றார் செண்பகவல்லி. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை அலம்பிக்கொண்டு வந்தார். சுவரோரம் கிடந்த இரண்டு நாற்காலிகளை எடுத்து ஜன்னலைப் பார்த்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"வலது பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. மவுத்பீஸை மாட்டி, சாவிகளை ஒருமுறை தட்டிப் பார்ப்பது கேட்டது. இடது பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. கஸ்பார் இத்தனை வாரமாகப் பெலிக்ஸின் பகுதியை ஒவ்வொரு வாத்தியத்திலும் ஊதிக் காட்டியிருந்ததால், அதன் முதல் சில வரிகள் செண்பகவல்லிக்கும் பழகிப்போயிருந்தன. அதைத்தான் வாசித்தார்.

இரண்டாவது சுரத்திலேயே கஸ்பாரின் முதுகு நிமிர்ந்தது.

கதகதவென்று, கனமாக, இடது தோளில் வந்து சாய்கிறாற்போல் அந்தச் சத்தம் வந்தது. மெழுகு போட்ட தரை, வேர்வையில் ஊறிய வெள்ளைச் சட்டை, கதவுக்குப் பின்னால் எண்ணெயில் பொரியும் கட்லெட், எல்லாம் வந்துவிட்டன. கண்ணை மூடச் சொன்னது நல்லதாகப் போயிற்று. மூடிய கண்ணிலிருந்தே தண்ணீர் இறங்கியது.

"இதான் டீச்சர்! இதேதான்! பெலிக்ஸ்!" என்றார். "அமெரிக்காதானே? நேத்து என் கையில ஏன் வரல இது?"

"கண்ணைத் திறங்க."

திறந்தார். செண்பகவல்லியின் மடியில் இருந்தது பாரிஸில் செய்த டெனர். கஸ்பாரின் சொந்த வாத்தியம்.

அவர் கிட்டே குனிந்து பார்த்தார். கட்டைவிரல் படும் இடத்தில் இருந்த தழும்பு, கழுத்தில் அவரே போட்ட பற்றவைப்பு, சந்தேகமே இல்லை.

"உங்க மூச்சு வேற டீச்சர். உங்க மவுத்பீஸ் வேற. அதான்."

"எந்திரிச்சுப் போய் ஜன்னல்கிட்ட நில்லுங்க. என்னைப் பார்த்து."

போய் நின்றார். வாத்தியத்தின் அகன்ற வாய் இப்போது அவரை நேராகப் பார்த்தது. செண்பகவல்லி அதே மூச்சில், அதே மவுத்பீஸில், அதே வரிகளை வாசித்தார்.

கணகணவென்று இருந்தது. எவர்சில்வர் தட்டு.

"இப்ப வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். மறுபடி கருப்பட்டிப் பாகு. எழுந்து ஜன்னலுக்குப் போனார், தட்டு. திரும்பி வந்தார், பாகு. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் அலைந்துகொண்டிருந்தார். குருவும் சளைக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு அமெரிக்க டெனரிலும் ஜெர்மன் டெனரிலும் வாசித்துக் காட்டினார். ஒன்று கொஞ்சம் பருமன், ஒன்று கொஞ்சம் ஒல்லி. பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாமே கதகதப்புத்தான்.

கஸ்பார் கடைசியில் நாற்காலியில் வந்து விழுந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஊதும்போது கேட்டது?"

"ஊதுறவருக்கு முதல்ல பல்லு வழியாத்தான் கேக்கும் சார். மவுத்பீஸைக் கடிச்சிட்டிருக்கோம் இல்ல."

"என் பல்லோட சத்தத்தையா என் சத்தம்னு நெனைச்சிட்டிருந்தேன்?"

செண்பகவல்லி சிரித்தார். அபூர்வமாகத்தான் சிரிப்பார்.

கஸ்பார் சிரிக்கவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப, அந்தப் பக்கத்துலேருந்து அவனுக்கு என் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் டீச்சர்?"

"தெரியல சார்."

"நீங்கதான் வாரா வாரம் கேக்கறீங்களே."

"நான் எப்பவும் எதிர்லதானே உக்காந்திருக்கேன்," என்றார் செண்பகவல்லி. "அங்க உக்காந்து கேட்டதில்ல."

கீழே மில்லை ஓடவிட்டார்கள். தரை அதிரத் தொடங்கியது. அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். கஸ்பார் எழுந்திருக்கவில்லை. மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"அப்ப நான் எதை எடுக்கறது?"

"நீங்க எடுக்க வேணாம். நான் எடுக்கறேன்."

"நீங்களா?"

"பக்கத்துல உக்காரப் போறது நான்தானே?"

கஸ்பாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெட்டிகளை அவர் பக்கம் தள்ளி வைத்தார். செண்பகவல்லி அமெரிக்க டெனரை எடுத்து வாரை மாட்டிக்கொண்டு, மில்லையும் பொருட்படுத்தாமல் நாலு சுரம் ஊதிப் பார்த்தார். நேற்று இரவு பல்லிளிக்கிறது என்று கஸ்பார் திட்டிக்கொண்டே மூடி வைத்த அதே வாத்தியம்.

"இது உங்களோடது மாதிரி இல்ல. ஆனா உங்களோடதோட சண்டையும் போடாது. பாய்கிட்ட சொல்லிடுங்க."

பெலிக்ஸ் தன் பகுதியை எழுதி வைக்கிற வழக்கமே இல்லாதவன். அது கஸ்பாரின் காதில் மட்டும்தான் இருந்தது. ஆகவே குருவுக்குச் சீடர் சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விரல் பார்க்க வேண்டும் என்று செண்பகவல்லி எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டார். கஸ்பார் வாசிக்க, அவர் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். எந்த இடத்தில் பெலிக்ஸ் வேண்டுமென்றே ஒரு நொடி பிந்துவான், எங்கே மூச்சு விடாமல் இழுப்பான், எங்கே மேல்குரலை முன்னே போகவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வான் என்றெல்லாம் கஸ்பார் சொல்லச் சொல்ல, தனக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இந்த எடத்துல அவன் சத்தத்தைக் கொறைச்சிடுவான் டீச்சர். ஒவ்வொரு தடவையும். நான் சோம்பேறின்னு திட்டுவேன்."

"உங்களோடது நல்லா மேல போற எடம் இல்ல இது?"

"ஆமா."

செண்பகவல்லி வாத்தியத்தை எடுத்தார். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்து வாசித்தார்.

வரவேற்பு கோயில் பங்கு மண்டபத்தில் நடந்தது. சித்திரை வெயில் சாயங்காலமாகியும் தணியவில்லை. மேடையோரம் வாசிப்பவர்களுக்கென்று இரண்டு நாற்காலி போட்டு, ஒரே ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்திருந்தார்கள். அது வலது பக்கம் இருந்தது, கழுத்தும் திரும்பாது. கஸ்பார் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க ஃபேன் பக்கம் உக்காருங்க," என்றார்.

"பெலிக்ஸ் சார் எந்தப் பக்கம்?"

"இடது."

செண்பகவல்லி இடது நாற்காலியில் உட்கார்ந்து ரீட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

லிடியா மாப்பிள்ளையோடு நடுவில் வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு நடனம் புதிது, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். லிடியா மேடையைப் பார்த்தாள். இரண்டு நாற்காலி, இரண்டு வாத்தியம். கஸ்பார் மவுத்பீஸை உதட்டுக்குக் கொண்டுபோனார். கோயிலில் நாலாவது வரியில் நின்றுபோன அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. இங்கே நின்றுபோனால் அந்தப் பிள்ளை நடுக்கூடத்தில் நின்று அழும்.

தலையசைத்தார். தொடங்கினார்கள்.

முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவதில் இடது தோளின் பக்கமிருந்து அந்தக் கதகதப்பு வந்து அவருடைய சத்தத்துக்கு அடியில் நின்றுகொண்டது. நாலாவது வரியில் சுருதி இறங்கவில்லை. அவர் ஒருமுறை இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். நீலப் புடவை. பெலிக்ஸ் இல்லை. அவன் இல்லாத துக்கம் வந்தது, ஆனால் மூச்சு நின்றுவிடவில்லை. அந்த மேலே போகிற இடம் வந்தபோது கீழ்க்குரல் தானாக ஒதுங்கிக்கொண்டது. கஸ்பார் தனியாக மேலே போனார். என்ன சத்தம் வருகிறது என்று அவர் கேட்கவில்லை, வெறுமனே ஊதினார்.

கூட்டத்தில் காலனியின் பழைய முகங்கள் சில இருந்தன. ஒரு கிழவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினார். வேறு இரண்டு பேர் எழுந்தார்கள். லிடியா அழவில்லை. மாப்பிள்ளை அவள் காலை மிதித்தபோது சத்தமாகச் சிரித்தாள். அது பெலிக்ஸின் சிரிப்பு.

பாட்டு முடிந்ததும் அவள் மேடைக்கு ஓடி வந்தாள். "அங்கிள், இன்னொரு தடவை! ப்ளீஸ் அங்கிள், அதே பாட்டு!"

"தண்ணி குடிச்சிக்கறோம்டா. போய் நில்லு."

கஸ்பார் தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். செண்பகவல்லியின் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்துகொண்டிருந்தது, புடவைத் தோள் நனைந்திருந்தது. அவர் துடைத்துக்கொள்ளாமல், கையில் வாத்தியத்தோடு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அன்னிக்குக் கேட்டேனே," என்றார் கஸ்பார். "அங்கேருந்து எப்படிக் கேக்குது, என் சத்தம்?"

செண்பகவல்லி ரீட்டை மறுபடி ஈரப்படுத்திக்கொண்டார்.

"சரி, மெதுவா சொல்லுங்க. முதல்ல எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு. மாறி உக்காந்து வாசிக்கலாம். காத்து வரும்."

கட்லெட் மேசை மண்டபத்தின் மறுகோடியில் இருந்தது. அதன் வாசம் இங்கே வரவில்லை.

செண்பகவல்லி வாரைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"வேணாம் சார். நான் இங்கேயே இருந்துக்கறேன்."

இந்த முறை கஸ்பார் ஏன் என்று கேட்கவில்லை.